இன்சீன் மைதானத்தில் மச்சான் சொன்னது

இடுப்பளவு தண்ணீரில் நின்றபோதும் வாய் வெற்றிலையைக் கீழே விடாத என் கருப்பையா மச்சானுக்கு,

இன்று ஞாயிறு, பிற்பகல். நாளைக் காலை ஆற்றில் நீர் ஏறும்போது தேங்காய்ச் சம்பான் படகுகள் லத்தாத் துறைக்கு வந்து சேரும். உங்கள் ஆட்கள் எட்டுப் பேரும் தண்ணீரில் கால் வைக்கமாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். வைக்காவிட்டால் வேறு ஆட்களை இறக்குவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவர்கள் கேட்பது ஒன்றுதான். வரிசையில் ஒருவன் விழுந்தால் எல்லாரையும் நிறுத்துகிற அந்தக் கூப்பாடு மறுபடி வேண்டும். உங்களுக்குப் பிறகு அது இல்லாமல் போய்விட்டது. இல்லை, தப்பாகச் சொல்கிறேன். அது போன பிறகுதான் நீங்கள் போனீர்கள். அது போனதற்குக் காரணம் என் வாய். நாளை அந்த வாயைத் திறக்க வேண்டும்.

நீங்கள் எழுத்துப் படிக்காதவர். ஊரிலிருந்து பர்மாவுக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். முழுவதும் படித்தாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் காகிதத்தை மடித்தால் கடிதம் முடிந்தது என்று எழுந்துவிடுவீர்கள். அந்த நம்பிக்கை இப்போது என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். தவறு செய்தது ஊர் நடுவில். கடிதமும் ஊர் காதில் விழட்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திருப்பிச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

லத்தாத் துறையில் சம்பான் கரை தட்டாது. சேறு. படகிலிருந்து கரைவரை ஒன்பது பேர், ஒரு வீச்சுத் தூரத்துக்கு ஒருவராக நிற்பீர்கள். இரண்டிரண்டு காயாக வாங்குவது, உடம்பைத் திருப்புவது, அடுத்தவனுக்கு வீசுவது. யாரும் அடுத்தவன் முகத்தைப் பார்ப்பதில்லை. அவன் அங்கே இருப்பான் என்பதை நம்பித்தான் வேலையே.

நடுவில் நிற்பவர் தலையாள். அவர் ஒருவர்தான் இரண்டு பக்கமும் பார்ப்பார். யாராவது சேற்றில் வழுக்கினால் "ஆளு!" என்று ஒரு சத்தம் போடுவார். அது காதில் விழுந்ததும் யார் கையில் எது இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். விழுந்தவன் எழுந்து, கண்ணில் அப்பிய சேற்றைத் துடைத்து, "ம்" என்று சொல்லும்வரை ஒரு காய் நகராது. பதினாறு வருஷம் அந்த நடு இடம் உங்களுடையது.

இரும்புக் குழாய் விற்க வந்த அமெரிக்கத் துரை ஒருநாள் குடை பிடித்துக்கொண்டு துறையில் நின்றார். காலையில் வந்தவர் மதியம்வரை அசையவில்லை. அதுவரை ஒரு காயும் தண்ணீரில் விழவில்லை. உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நான் இங்கிலீஷ் தெரிந்தவன் என்று கண்டுபிடித்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இவர்கள் இதைக் கூலிக்குச் செய்கிறார்களா?" என்றார்.

"வேறு எதற்குச் செய்வார்கள்?" என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. பேஸ்பால் என்று அவர்கள் நாட்டுப் பந்தாட்டம். ஒருவர் எறிய, எதிராளி தடியால் அடிக்க, அடித்தவர் மூலைக்கு ஒன்றாக வைத்த சாக்கு மூட்டைகளைத் தொட்டுக்கொண்டு ஓடித் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். அதற்குள் பந்து வந்துவிட்டால் அவர் வெளியே. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். உங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் துரைக்கு அந்த எண்ணமே வந்தது என்று பிறகு சொன்னார்.

சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஆடினால் ஒருநாள் கூலி. அக்கா அன்று அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ஆடுறதுக்குக் கூலியா? யாராச்சும் கேட்டா வெளிய சொல்லாதீக" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள்.

முதல் நாள் துரை தோல் உறையை நீட்டினார், பந்து பிடிக்க. நீங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்ளே, கைக்கும் செருப்புப் போடச் சொல்றாரா துரை?" என்றீர்கள். உங்கள் வரிசையில் முதல் ஆளான பக்கிரி பந்தைக் காதருகே வைத்துக் குலுக்கினான். "தண்ணி இல்லண்ணே. கண்ணும் இல்ல. எந்தப் பக்கம் உடைக்கிறது?" இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று நான் திணறியதைப் பார்த்துத் துரையே சிரித்துவிட்டார்.

ஒரு வாரம் கூத்தாக இருந்தது. பந்தைப் பிடித்தவன் நிறுத்தாமல் பக்கத்தில் நிற்பவனுக்கு வீசுவான். அவன் அடுத்தவனுக்கு. மைதானம் முழுவதும் பந்து சுற்றும், எதிராளி நிதானமாக ஓடி முடிப்பான். "பிடித்தால் வைத்துக்கொள்ளச் சொல்!" என்று துரை கத்துவார். நான் சொல்வேன். "வச்சுக்கிட்டா அடுத்தவன் என்ன செய்வான்?" என்பான் பக்கிரி.

பிறகு கற்றுக்கொண்டீர்கள். தடி உங்களுக்கு வரவில்லை. ஆனால் பிடிப்பது? கப்பல்காரர்களின் கட்சி ஒன்று உங்களோடு ஆடிவிட்டுப் போகும்போது, பந்து உங்கள் உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ள ஏதாவது தடவியிருக்கிறீர்களா என்று வந்து தொட்டுப் பார்த்தார்கள். துரை உங்களை அடிக்கிறவருக்குப் பின்னால் உட்கார வைத்தார். மைதானத்தில் எல்லாரையும் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அங்கேயும் நீங்கள்தான் தலையாள்.

நான் துரையின் பேச்சைத் தமிழாக்குவேன். ஆட்டக் கணக்குப் புத்தகத்தையும் நான்தான் எழுதினேன்.

இன்சீன் ஆட்டத்துக்கு ரயிலில் போனது நினைவிருக்கிறதா? துரை தன் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு படம் எடுத்தார். மீசை வைத்த ஒன்பது பேர், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, குறுக்கே பிடித்த தடிகள். போன நூற்றாண்டு. அவர்கள் ஊரில் பந்து ஆடக் கூலி வாங்கிய முதல் ஒன்பது பேராம். இரண்டாமவர் துரையின் அப்பா.

"ஊர்ல அவுகள மதிச்சாகளா?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

முதலில் இல்லை என்றார் துரை. கனவான்கள் பொழுதுபோக்குக்கு ஆடுவதை இவர்கள் வயிற்றுக்கு ஆடுகிறார்கள் என்று பாதிரியார் பிரசங்கமே செய்தாராம். பிறகு கூட்டம் வர ஆரம்பித்தது. கூட்டத்தோடு பந்தயமும் வந்தது. ஒரு முக்கியமான ஆட்டத்தில் ஒருவர் கைக்கு வந்த பந்தை விட்டுவிட்டார். விலை போய்விட்டார் என்றார்கள். மற்ற எட்டுப் பேரும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அவரை நீக்கினார்கள். துரையின் அப்பாவும் போட்டார். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் அந்த மனிதரைச் சேர்க்கவில்லை.

"நெசமாவே வித்தாரா?"

நான் கேட்டுச் சொன்னேன். துரை படத்தைப் பார்த்தபடி இருந்தார். "என் அப்பா அவரிடம் கேட்கவே இல்லை."

அதை உங்களுக்குச் சொன்னேன். அன்று சரியாகத்தான் சொன்னேன். நீங்கள் சன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு, "எட்டுப் பேர் இருந்தாக, ஒருத்தர் கேட்டிருக்கலாம்" என்றீர்கள்.

அன்றைய ஆட்டம் ஆற்றுக்கு அக்கரையில் எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கும் அமெரிக்கர்களோடு. ஜெயித்தால் ஒன்பது பேரையும் மேஸ்திரியிடமிருந்து எடுத்துக்கொண்டு கல்கத்தா, மதராஸ், கொழும்பு என்று கூட்டிப் போவதாகத் துரை சொல்லியிருந்தார். ஆட்டம் மட்டுமே வேலை. சேறு கிடையாது. அதைக் கேட்ட அன்று நீங்கள் கால்விரல்களை விரித்து, நடுவில் இருக்கும் வெள்ளைப் புண்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மைதானத்தைச் சுற்றி ஆயிரம் தலை. ரயில்வே பட்டறை ஆட்கள், பர்மியக் குடும்பங்கள், தலைக்கு மேல் தலையாக. என் காலேஜிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். நான் அழைக்கவில்லை. நடேசன் என்னருகே வந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தான். பபேடான் கடைத்தெருவில் அவன் அப்பாவுக்கு மூன்று ஜவுளிக்கடை. உங்களைக் காட்டி, இங்கிலீஷில், "அந்தக் கூலித் தலைவன் உனக்குத் தெரிந்தவனா?" என்றான்.

"இல்லை. நான் மொழிபெயர்க்க வந்தவன்" என்றேன்.

பத்தடி தூரத்தில் நீங்கள் பந்தை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதது அன்று எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது!

கடைசிச் சுற்று. இரு பக்கமும் சமம். அவர்களில் ஒருவர் மூன்றாவது மூட்டையில் நிற்கிறார். அவர் ஓடி வந்து சேர்ந்தால் அவர்களுக்கு ஜெயம். அவருக்கு முன் பந்து உங்கள் கைக்கு வந்தால் இன்னொரு சுற்று. அவர்களுக்கு மூச்சு வாங்கியது. உங்களுக்கு வியர்க்கக்கூட இல்லை. இன்னொரு சுற்று கிடைத்தால் போதும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அடி விழுந்தது. பக்கிரி ஓடிப்போய்ப் பந்தை எடுத்தான். ஓடி வந்தவர் பாதி வழியில், ஈரப் புல்லில் கால் மடங்கி, முகம் குப்புற விழுந்தார். பக்கிரியின் கை பின்னால் போய்விட்டது. அவனுக்கும் உங்களுக்கும் நேர்கோட்டில் அந்தத் தலை.

"ஆளு!"

ஒன்பது பேரும் நின்றார்கள். பக்கிரியின் கை காதோடு ஒட்டி அப்படியே. பின்னால் யாருமில்லாத இடத்தில் நின்றவன்கூட அசையவில்லை. இப்போது கண்ணை மூடினாலும் அது தெரிகிறது. ஆயிரம் பேர் கத்துகிறார்கள், நடுவில் ஒன்பது பேர் சிலை.

விழுந்தவர் தலையைத் தூக்கினார். ஒரு காலால் தவழ்ந்தும் நொண்டியும் வந்து உங்கள் முன்னால் இருந்த மூட்டையைத் தொட்டார். நீங்கள் அவருடைய முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டீர்கள். ஆட்டம் முடிந்தது.

துரை என்னிடம் ஓடி வந்தார். முகம் செங்கல் நிறம். என் கையைப் பிடித்து உங்களிடம் இழுத்துப் போனார். எங்கள் பின்னால் நடேசனும் மற்றவர்களும்.

"யார் நிறுத்தச் சொன்னது? கேள்!"

கேட்டேன். நீங்கள் அந்த அமெரிக்கரின் முழங்காலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னீர்கள். மூன்று வாக்கியம். "ஆளு விழுந்துட்டான். அதான் நிப்பாட்டினேன். பந்து அவன் மண்டைக்கு நேரால்ல வந்திருக்கும்?"

நான் நடு வாக்கியத்தை மட்டும் சொன்னேன். "அவர்தான் நிறுத்தினாராம்."

"தெரிந்தேவா?"

"ஆமாம்."

ஏன் மச்சான்? நூறு தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். மற்ற இரண்டையும் சொல்ல வேண்டுமானால் லத்தாத் துறையைச் சொல்ல வேண்டும். சேற்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தத்தின் அர்த்தம் எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். நடேசன் என் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். இரண்டே நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு எப்போது? துரை தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே பேச்சு கிளம்பியது. தலையாள் காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை நிறுத்திவிட்டான். ஒரு சத்தத்துக்கு எவ்வளவாம்? இந்தப் பேச்சை டீக்கடையில் கேட்டேன், டிராமில் கேட்டேன். ஒருமுறைகூட நான் திரும்பிப் பேசவில்லை.

மேஸ்திரிக்கு அந்தக் கூப்பாட்டின் மேல் ஏற்கெனவே வருத்தம். நின்றால் நேரம் போகிறது. இப்போது நல்ல சாக்கு. "இனிமே எவனும் சத்தம் போடக் கூடாது. நிப்பாட்டுறவன் எதை வாங்கிட்டு நிப்பாட்டுறான்னு எனக்கென்ன தெரியும்?" என்றார். உங்களை நடுவிலிருந்து எடுத்து, படகுப் பக்கம், பக்கிரிக்கு அடுத்து நிறுத்தினார். நடுவில் நின்றவன் வெறும் ஆள். சொன்ன இடத்தில் போய் நின்றீர்கள் என்று பக்கிரி சொன்னான். வெற்றிலையை மட்டும் துப்பினீர்களாம்.

ஐந்தாவது வாரம் உங்கள் கால் வழுக்கியது.

பக்கிரி படகுப் பக்கம் திரும்பிக் காய் வாங்கிக்கொண்டிருந்தான். வாங்கினான், திரும்பினான், வீசினான். முகத்தைப் பார்க்கவில்லை, யாரும் பார்ப்பதில்லையே. நீங்கள் அப்போதுதான் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியிருந்தீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். பேச்சு இல்லை. கைகள் மட்டும் வலப்புறமிருந்து எதையோ வாங்கி இடப்புறம் கொடுத்துக்கொண்டே இருந்தன. நர்ஸ் அவற்றைக் கட்டிலோடு கட்டினாள். கட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்கு அங்கேயும் வாய் வரவில்லை.

இவற்றுக்கெல்லாம் பிறகு ஆறு வாரம் காலேஜுக்குப் போய் வந்தேன். பரீட்சை எழுதினேன். பாஸ் ஆகிவிட்டேன், மச்சான். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

போன வியாழக்கிழமை பக்கிரி காலேஜ் வாசலுக்கே வந்துவிட்டான். மேலெல்லாம் சேறு. படியில் நின்ற பையன்கள் விலகினார்கள். "காலேஜு, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான்.

"வெளியே போய்ப் பேசுவோம்."

"இங்கதான் கேப்பேன். அன்னைக்கு இன்சீன்ல அண்ணன் மூணு சொல்லுச்சு. நீ துரைகிட்ட ஒண்ணுதான் சொன்ன. எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா நீளம் தெரியும்."

பக்கிரி ஒரு படி மேலே ஏறினான்.

"என் கையால போச்சு. அது எனக்கு இருக்கு. சாகிற வரைக்கும் இருக்கும். கூப்பாடு இருந்திருந்தா என் கை நின்னிருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். நீ சொல்லாததை இப்பவாச்சும் சொல்லு. மேஸ்திரி சொல்றான், அந்தச் சத்தம் விலைபோன சத்தமாம். திங்கக்கிழமை நாங்க எறங்கமாட்டோம். எங்களுக்குப் பதிலா எறங்கப் போறவனுக்குக் கூப்பாடுன்னா என்னன்னே தெரியாது. அவன் மண்டை எவன் மண்டை?"

"நானும் உங்களோடு தண்ணீரில் நிற்கிறேன்" என்றேன். அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது.

முதல்முறையாகச் சிரித்தான். "நீயா? உனக்கு எலுமிச்சம்பழம் புடிக்க வராது. வந்து பேசு, போதும்."

வெள்ளிக்கிழமை துரையின் ஆபீசுக்குப் போனேன். பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை கப்பல். நின்றபடியே சொன்னேன். அந்தச் சத்தம் என்ன, எதற்கு, நீங்கள் சொன்ன மூன்று வாக்கியம், நான் சொன்ன ஒன்று, பிறகு நடந்தது எல்லாம். நீங்கள் இறந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?"

"என்னோடு படிக்கிறவர்கள் நின்றார்கள்."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "நீ சொல்லாதது இருக்கட்டும். ஏன் நிறுத்தினாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை" என்றார்.

கட்டிய பெட்டி ஒன்றை அவிழ்த்து ஆட்டக் கணக்குப் புத்தகத்தை எடுத்து இன்சீன் பக்கத்தைப் பிரித்தார். உங்கள் பெயருக்கு நேரே அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். அதை அடித்துவிட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்தார். "கணக்கு எழுதியவன் நீ. சரியாக எழுது."

எழுதினேன். ஒரு மனிதர் விழுந்ததால், அவர் தலையில் பந்து படாமலிருக்க, தலையாள் ஆட்டத்தை நிறுத்தினார். இங்கிலீஷில், பிழையில்லாமல், நல்ல கையெழுத்தில். கீழே என் பெயர். பெயருக்கு அடியில், கணக்கர் என்று.

ஆபீஸ் படியில் இறங்கி நாலு தெரு தாண்டியிருப்பேன். கால் நின்றுவிட்டது. கணக்கர்! உண்மையைச் சொல்ல வந்த இடத்திலும் யாரோ ஒருவனாகத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் எனக்கு யார் என்று துரைக்கு இன்றுவரை தெரியாது. திரும்பிப் போனேன். கதவு பூட்டியிருந்தது.

அதனால்தான் இந்தக் கடிதம்.

அக்காவிடம் இன்று காலைதான் சொன்னேன். அதைத் தள்ளிக்கொண்டே வந்தேன். அவள் இப்போது தேங்காய் வாங்குவதில்லை, மச்சான். கோயிலில் கொடுக்கும் மூடியைக்கூடக் கை நீட்டி வாங்குவதில்லை. கீழ்த்தளத்துப் பர்மிய அம்மா, மா ஷ்வே, இதைத் தெரிந்துகொண்டு, தேங்காய்ப்பால் விடாமல் தனியாகக் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்புகிறாள். அவள் கேட்டதில்லை, அக்கா சொன்னதுமில்லை.

அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை. பிறகு நின்றது.

"இன்சீன்லருந்து வந்து அவுக எங்கிட்ட என்ன சொன்னாக தெரியுமா?"

"தெரியாது."

"'மாப்ளே எல்லாத்தையும் இங்கிலீசுல நல்லா எடுத்துச் சொல்லிட்டான். துரைக்குத்தான் புரியல'ன்னு சொன்னாக."



அப்படி நிஜமாகவே நம்பினீர்களா? அல்லது நீளத்தைப் பக்கிரி அளந்தது போல் நீங்களும் அளந்துவிட்டு, அக்கா முன்னால் என்னைக் காப்பாற்றினீர்களா? ஐந்து வாரம் ஒரே அறையில் சாப்பிட்டோம். நீங்கள் முன்போலவேதான் மீன் துண்டை என் தட்டில் தள்ளினீர்கள். எது என்று எனக்குத் தெரியவேண்டும். எதுவாக இருந்தால் எனக்கு நல்லது? அதுவும் தெரியவில்லை.

அக்கா அழவில்லை. கையைக் கழுவினாள். "நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணி ஏறுது?" என்று கேட்டாள். சொன்னேன். "நானும் வாரேன். நீ பேசுறதை நான் கேக்கணும். சோறு ஆறிப் போகும், உக்காரு." அவ்வளவுதான். என்னை மன்னித்தாளா என்று கேட்க நான் துணியவில்லை. ஒரே ஒரு மீன் துண்டுதான் வைத்தாள்.

மத்தியானம் நடேசன் வீட்டுக்குப் போய் வந்தேன். நாளைக் காலை துறைக்கு வா என்றேன். "அந்தத் தேங்காய்க் கூலிகள் தகராறுக்கா? வார்டன் காதுக்குப் போனால் ஹாஸ்டலில் நீ கேட்ட இடம் கொடுக்கமாட்டார், பார்த்துக்கொள்" என்றான். "எனக்கு ஹாஸ்டலில் இடம் வேண்டாம், எனக்கு வீடு இருக்கிறது. வந்தால் அதையும் சொல்கிறேன்" என்றேன். வருவானா தெரியாது. துரைக்குச் சீட்டு எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். அவரும் வருவாரா தெரியாது.

மேஸ்திரி வருவார். அது மட்டும் நிச்சயம். புது ஆட்கள் ஒன்பது பேர் நேற்றே வந்து துறையருகே கொட்டகையில் தங்கியிருக்கிறார்களாம். பக்கிரி போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஒருவனுக்கு நீச்சல்கூடத் தெரியாதாம். இவன் அவர்களுக்கு வெற்றிலை கொடுத்து, கூப்பாட்டைச் சொல்லிக் கொடுக்க முயன்றிருக்கிறான். மேஸ்திரியின் ஆள் விரட்டிவிட்டான்.

நாளை நான் பேசி மேஸ்திரி மனம் மாறுமா? ஒருவேளை சிரித்துவிட்டுப் போவார். "ஆறு வாரம் கழிச்சு வந்திருக்கார் வக்கீல்" என்பார். சொல்லத்தான் செய்வார்.   

ஆனால் இதைச் செய்வேன், மச்சான். நீர் ஏறுவதற்கு முன் துறையில் நிற்பேன். உங்கள் எட்டுப் பேர், புதிதாக வந்த ஒன்பது பேர், சம்பான்காரர்கள், மேஸ்திரி, அக்கா, எல்லார் காதிலும் விழும்படி தமிழில் சொல்வேன். சம்பான்காரர்களுக்குப் பர்மிய மொழியில் சொல்வேன். துரை வந்தால் இங்கிலீஷில். கருப்பையா என் அக்காள் புருஷன், அவர் சோற்றில் படித்தவன் நான் என்று தொடங்குவேன். நீங்கள் சொன்ன மூன்று வாக்கியத்தையும் நீங்கள் சொன்ன வரிசையிலேயே சொல்வேன். சத்தத்தை விலைக்கு விற்றது யார் என்று கேட்டால், நான் என்று சொல்வேன்.

மேஸ்திரி கேட்காவிட்டால் அடுத்த சம்பானுக்கும் வருவேன். அதற்கு அடுத்ததற்கும் வருவேன். கூப்பாடு திரும்பும்வரை, ஒவ்வொரு நீர் ஏற்றத்துக்கும், அந்தக் கரையில் முதலில் வந்து நிற்பவன் நானாக இருப்பேன்.

மீனாளின் தம்பி,
லத்தாத் துறைத் தலையாள் கருப்பையாவின் மைத்துனன்,
சுந்தரம்.